மேட்ச் ஆகாதவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சி இடங்களை வருடா வருடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். எனக்கு இடம் கிடைக்க மூன்று தடவை ஆயிற்று. 2022-இல் இல்லை, 2023-இல் இல்லை, 2024-இல் கிடைத்தது. இப்போது உள்மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஜூனியர்களிடமிருந்து ஃபோன் வரும், சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவே பேசுவார்கள். முதல் தடவையிலேயே ஜெயித்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம். நான் இரண்டு தடவை தோற்றவள் என்பதால் என்னிடம் தாராளமாகக் கேட்கிறார்கள்.

பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். கட்டணமும் விதிகளும் வருடா வருடம் மாறும், அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ரெசிடென்சின்னா நம்ம ஊர் பி.ஜி. மாதிரிதானே?

கிட்டத்தட்ட அப்படித்தான். உள்மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் மூன்றும் மூன்று வருடம். மனநல மருத்துவம் நான்கு, பொது அறுவை ஐந்து. ஜூலை 1 வாக்கில் தொடங்கும். ஃபீஸ் கிடையாது, மருத்துவமனைதான் சம்பளம் தரும்.

பெரிய வித்தியாசம் தேர்ந்தெடுக்கும் முறையில். நம் ஊரில் நீட் பி.ஜி. ரேங்க் வந்தால் கவுன்சிலிங்கில் போய் உட்காரலாம், உங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. இங்கே ஒவ்வொரு மருத்துவமனையின் பயிற்சி ப்ரோக்ராமும் மதிப்பெண், கடிதங்கள், அனுபவம் எல்லாவற்றையும் பார்த்து, நேர்காணல் வைத்து, தனக்கு வேண்டியவர்களைத் தானே வரிசைப்படுத்தும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இதற்கு மேல், அவர்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி.யின் சான்றிதழும் வேண்டும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. கட்டங்கள், ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, பட்டச் சரிபார்ப்பு எல்லாம் முடித்தால்தான் அது வரும். நேரில் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் ஸ்டெப் 2 சி.எஸ். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள்.

மேட்ச்னா கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரியா?

குலுக்கல் இல்லை. நேர்காணல் கொடுத்த இடங்களை உங்கள் விருப்ப வரிசையில் நீங்கள் எழுதுகிறீர்கள். அவர்களும் தங்கள் வரிசையை எழுதுகிறார்கள். கணினி முதலில் உங்கள் முதல் விருப்பத்துக்குப் போகும். அவர்கள் பட்டியலில் நீங்கள் இருந்து, இடமும் காலியாக இருந்தால் தற்காலிகமாக உட்கார வைக்கும். அவர்கள் உங்களைவிட மேலே எழுதிய ஒருவர் பிறகு வந்தால், உங்களை எழுப்பி உங்களுடைய அடுத்த விருப்பத்துக்கு அனுப்பும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் வந்ததும் நம்மை எழுப்பி அடுத்த வரிசையில் உட்கார வைப்பார்களே, அதேதான்.

மேட்ச் 1952-இலிருந்து நடக்கிறது. கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1962-இல் எழுதிய முறையின் வழியில், விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி ஆல்வின் ராத் மாற்றியமைத்த வடிவம் 1998 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ‘எனக்கு இங்கேதான் கிடைக்கும், அதை முதலில் எழுதுகிறேன்’ என்று கணக்குப் போடுவதில் ஒரு லாபமும் இல்லை. எட்டாத இடத்தை முதலில் எழுதுவதால் நான்காவது இடம் கைவிட்டுப் போகாது. பிடித்த வரிசையில் எழுதுங்கள். போகவே மாட்டேன் என்றால் ஒழிய, நேர்காணல் கொடுத்த எந்த இடத்தையும் விடாதீர்கள். கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது, மேட்ச் ஒரு ஒப்பந்தம்.

ரிசல்ட் எப்படி வரும்? ஒரே நாள்ல தெரிஞ்சிடுமா?

மார்ச் நடுவில் ஒரு வாரம். திங்கட்கிழமை ‘கிடைத்ததா இல்லையா’ என்பது மட்டும் மின்னஞ்சலில் வரும். எங்கே என்பது வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகல், நமக்கு ராத்திரி ஒன்பதரை.

2022 மார்ச் 14 திங்கட்கிழமை எனக்கு வந்த மின்னஞ்சல், ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பத்துத் தடவை படித்தேன்.

நம்ம மாதிரி ஐ.எம்.ஜி.க்கு உண்மையிலேயே எவ்வளவு சான்ஸ்?

ஐ.எம்.ஜி. என்றால் வெளிநாட்டில் மருத்துவம் படித்த பட்டதாரி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்களில் முதலாம் ஆண்டு இடம் கிடைத்தவர்கள் 2024-இல் 58.5 சதவீதம், 2025-இல் 58.0 சதவீதம். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டு வருடமும் 93.5. அதாவது நம்மில் நூறு பேர் போட்டால் நாற்பதுக்கு மேல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தோற்றால் நீங்கள் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் 58 என்ற எண்ணை உங்கள் தனிப்பட்ட வாய்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பட்டியல் கொடுத்தவர்களின் கணக்கு. நேர்காணல் ஒன்றுகூட வராமல் பாதியில் விலகியவர்கள் அதில் வரமாட்டார்கள். தோல் மருத்துவம் கேட்டவரும் குடும்ப மருத்துவம் கேட்டவரும் ஒரே சதவீதத்தில் கலந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை இல்லைன்னு வந்தா அன்னிக்கே வேற வழி இருக்கா?

இருக்கிறது, சோப் என்று பெயர். நிரம்பாத இடங்களின் பட்டியலைத் திங்கட்கிழமையே தருவார்கள். அதிகபட்சம் 45 விண்ணப்பம் போடலாம். வியாழக்கிழமை நான்கு சுற்றாக அழைப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல இரண்டு மணி நேரம். அவர்கள் கூப்பிடும்வரை நீங்கள் அவர்களை அழைக்கக் கூடாது. தெரிந்தவரை விட்டுப் பேச வைப்பதும் விதிமீறல். ‘என் மாமா அங்கேதான் வேலை செய்கிறார், சொல்லச் சொல்லட்டுமா?’ என்று கேட்காதவர்கள் குறைவு. வேண்டாம்.

நிரம்பாத இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. 2023-இல் அவசர மருத்துவத்தில் மட்டும் 554 இடம் மிஞ்சியது. ஆனால் அதே திங்கட்கிழமை அமெரிக்கக் கல்லூரிகளில் படித்துத் தோற்றவர்களும் அதே 45 பொத்தான்களை அழுத்துகிறார்கள், விசா தேவைப்படாதவர்கள். எனக்கு இரண்டு வருடமும் சோப்பில் ஒரு ஃபோன்கூட வரவில்லை. முயற்சி செய்யுங்கள், தனிக் கடிதம் ஒன்றை முன்பே எழுதித் தயாராக வையுங்கள், ஆனால் அதை நம்பி அக்டோபரில் சோம்பி உட்காராதீர்கள்.

மார்க் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இண்டர்வியூவே வரல. எங்க தப்பு?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். தோற்றவர்கள் இரண்டு வகை. நேர்காணலே வராதவர்கள், வந்தும் கிடைக்காதவர்கள். இரண்டும் வேறு வேறு நோய். முதல் வகைக்குக் கோளாறு காகிதத்தில் இருக்கிறது, நேர்காணல் பயிற்சிக்குப் பணம் கட்டி ஒரு பயனும் இல்லை. ‘இன்னும் கடினமாக உழைக்கிறேன்’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்று. பெரும்பாலும் பதில் இருக்காது. அதே காய்ச்சலோடு மூன்றாவது தடவை வந்தவருக்கு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் பழைய மாத்திரையையே எழுதுவோமா?

என் முதல் வருட விண்ணப்பத்தைப் பின்னால் நானே கேஸ் ஷீட் மாதிரி எடுத்துப் பார்த்தேன். ஸ்டெப் 2 முடிவு நவம்பரில்தான் வந்தது. ப்ரோக்ராம்கள் செப்டம்பர் கடைசியிலேயே விண்ணப்பங்களைத் திறந்துவிடுகின்றன. என்னுடையதைத் திறந்தபோது பாதிக் காகிதம் காலி. 60 இடத்துக்குப் போட்டேன், அவற்றில் கால்வாசி விசாவே கொடுக்காதவை. இன்னும் சில, பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று இணையதளத்தில் எழுதியே வைத்திருந்தன, நான் படிக்கவில்லை. பெயர் தெரிந்த பெரிய பல்கலைக்கழகங்களாகப் பார்த்து டிக் செய்திருந்தேன். ஒரே ஒரு நேர்காணல் வந்ததே அதிசயம்.

ஆகவே பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். விசா கொடுக்கிறார்களா, இப்போது இருக்கும் ரெசிடென்ட்களில் நம் மாதிரி படித்தவர்கள் எத்தனை பேர், பட்ட வருட வரம்பு என்ன, குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா. ப்ரோக்ராம்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் ஃப்ரீடா தளத்திலும் ப்ரோக்ராமின் சொந்தப் பக்கத்திலும் பெரும்பாலும் கிடைக்கும். அப்புறம் சிக்னல். உள்மருத்துவத்தில் இப்போது 3 தங்கம், 12 வெள்ளி என்று 15 ப்ரோக்ராமுக்கு ‘உங்களைத்தான் விரும்புகிறேன்’ என்று சொல்லலாம். அதைக் கனவு மருத்துவமனைகளுக்கு வீணாக்காமல், உங்களை நேர்காணலுக்கு அழைக்கக்கூடிய இடங்களுக்கு வையுங்கள்.

எனக்கு நாலு இண்டர்வியூ வந்துச்சு. எல்லாம் நல்லா போச்சுன்னுதான் நினைச்சேன். ஆனாலும் ஆகல.

இது இரண்டாவது நோய். என் 2023 கதையும் இதுதான், மூன்று நேர்காணல். ‘நன்றாகப் போயிற்று’ என்று நானும் நினைத்தேன். பிறகு ஒரு சீனியரைக் கேள்வி கேட்கச் சொல்லி வீடியோவில் பதிவு செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வுப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் பதில், ‘சார்’ ஒவ்வொரு வாக்கியத்திலும், எதிர்க் கேள்வி கேட்டால் கண் மேலே போகிறது. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்றதற்கு ‘நான் ரொம்ப உழைப்பேன்’ என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

பதில்களை மனப்பாடம் செய்வதை விட்டேன். அதற்குப் பதில், நானே பார்த்த பத்து நோயாளிகளை மட்டும் தெளிவாக நினைவுபடுத்தி வைத்துக்கொண்டேன். தவறு செய்த கேஸ், சண்டை வந்த கேஸ், இறந்துபோனவரின் குடும்பத்திடம் பேசிய ராத்திரி. எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் பத்தில் ஒன்றுக்குள் வந்துவிடும். 2020-க்குப் பிறகு நேர்காணல்கள் பெரும்பாலும் வீடியோவில்தான், நமக்குச் சாயங்காலம் ஆரம்பித்து நள்ளிரவு வரை போகும். மத்தியானம் தூங்கிவிடுங்கள். இன்வெர்ட்டரைச் சோதித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், என் இரண்டாவது நேர்காணல் கரண்ட் போய்த்தான் நின்றது.

இன்னொன்று, மூன்று நான்கு நேர்காணலோடு நின்றவர் இரண்டு நோயும் உள்ளவராக இருக்கலாம். பட்டியல் நீளமாக இருக்க இருக்க வாய்ப்பு கூடும். முந்தைய பதிலையும் சேர்த்துப் படியுங்கள்.

ஸ்டெப் ஒண்ணுல ஒரு தடவை ஃபெயில் ஆயிட்டேன். எல்லாம் முடிஞ்சுதா?

முடியவில்லை, ஆனால் சுமை கூடியிருக்கிறது. முயற்சி எண்ணிக்கை அறிக்கையில் தெரியும், மறைக்க முடியாது. ஒரு முறைகூடத் தோற்றவரைச் சில ப்ரோக்ராம்கள் பார்ப்பதில்லை. அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்டெப்பை மொத்தம் நான்கு தடவைதான் எழுத முடியும். பாஸ் ஆனதை மதிப்பெண் கூட்ட மறுபடி எழுதவும் விடமாட்டார்கள்.

2022 ஜனவரி கடைசியிலிருந்து ஸ்டெப் 1 வெறும் பாஸ், ஃபெயில்தான். அதனால் கண் எல்லாம் ஸ்டெப் 2 மதிப்பெண் மேல். ஸ்டெப் 1-இல் விழுந்தவருக்கு ஸ்டெப் 2-இல் நல்ல எண் எடுப்பதுதான் சரியான பதில், அதற்காக ஒரு மேட்ச் வருடத்தைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. என் கூடப் படித்த ஒருவன் அப்படித்தான் செய்தான், குடும்ப மருத்துவத்தில் சேர்ந்துவிட்டான். நேர்காணலில் கேட்டால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, பிறகு என்ன மாற்றினேன் என்பதற்குப் போய்விடுங்கள். வீட்டுப் பிரச்சினையை ஐந்து நிமிடம் விவரிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்த ‘ரீகால்’ கேள்விகளை விற்கிறார்கள். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலருடைய முடிவுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேப் வருஷத்துல என்ன பண்ணணும்? வீட்ல உட்கார்ந்து படிக்கிறதா, வேலைக்குப் போறதா?

வேலைக்குப் போங்கள். நோயாளியைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். நான் முதல் தோல்விக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரு சிறிய ஊரின் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன், பெரும்பாலும் நைட். ‘அமெரிக்கா போறேன்னு சொல்லிட்டு இங்க நைட் டியூட்டி பார்க்குறா’ என்று உறவில் பேசினார்கள். அந்த ராத்திரிகள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அமெரிக்க மருத்துவமனை அனுபவம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. பட்டம் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும். பக்கத்தில் நின்று பார்க்கலாம், நோயாளியைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று மாதம் போதும். அதற்கு மேல் போனால் பணம்தான் கரையும். ஆய்வுக் கட்டுரை உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமிருந்தால் செய்யுங்கள். பத்தாவது ஆசிரியராகப் பெயர் மட்டும் போட்டுக்கொண்டவரிடம் நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

போன வருஷத்து எல்.ஓ.ஆர்., பர்சனல் ஸ்டேட்மென்ட் எல்லாம் அப்படியே போடலாமா?

எல்.ஓ.ஆர். என்கிற பரிந்துரைக் கடிதங்களை முடிந்தவரை புதுப்பியுங்கள். ஒரு ப்ரோக்ராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். பழைய தேதி போட்ட நான்கு கடிதம், ‘இடையில் இவர் எங்கே இருந்தார்?’ என்ற கேள்வியைத்தான் எழுப்பும். பழையதே நன்றாக இருந்தால், எழுதியவரிடம் புதுத் தேதியோடு, இந்த வருடம் நீங்கள் செய்ததையும் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள், எழுதித் தருகிறார்கள்.

நம்மைப் பற்றி நாமே எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். என்னுடைய முதல் இரண்டும் ‘சிறு வயதிலிருந்தே’ என்று ஆரம்பித்தன. மூன்றாவது, தேள் கடியோடு ராத்திரி இரண்டு மணிக்கு வந்த ஒரு பையனைப் பற்றியது. உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிட்டிருந்தது. பிரசோசின் கொடுத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்துக்கொண்டு, ஐ.சி.யூ. இல்லாத இடத்தில் அவனை வைத்துக்கொள்வதா, ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊருக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்ததை எழுதினேன். அந்த வருடம் வந்த ஏழு நேர்காணலில் ஐந்தில் முதல் கேள்வியே தேள் பற்றித்தான். பாதிப் பேர் தேள் கடியைப் பார்த்ததே இல்லை. நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அவர்களுக்குச் சாதாரணமில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

என்னை ரிஜெக்ட் பண்ண ப்ரோக்ராமுக்கே திரும்பப் போடலாமா? கோச்சுக்க மாட்டாங்களா?

போடலாம். கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நம்மை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. நேர்காணல் வரை போன இடம் என்றால் கட்டாயம் போடுங்கள். மேட்ச் வாரம் முடிந்த பிறகு, குறை எங்கே என்று பணிவாக ஒரு மின்னஞ்சலும் எழுதலாம். நான் எழுதிய மூன்றில் ஒன்றுக்குப் பதில் வந்தது, இரண்டே வரி: அமெரிக்க அனுபவம் குறைவு, பதில்கள் பொதுவாக இருந்தன. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் ஒரு வருடத்தைத் திட்டமிட்டேன்.

மேடம், நான் பையனோட அப்பா பேசுறேன். ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகும்?

விண்ணப்பக் கணக்கை மட்டும் சொல்கிறேன் சார். விண்ணப்பம் அனுப்பும் ஈராஸ் தளத்தில் ஒரு துறைக்கு முதல் 30 ப்ரோக்ராம்கள் வரை ஒன்றுக்கு 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 200 இடத்துக்குப் போட்டால் 330-உம் 5,100-உம் சேர்ந்து 5,430 டாலர், நம் பணத்தில் நாலரை லட்சத்துக்கு மேல். தேர்வுக் கட்டணம், சான்றிதழ், அப்சர்வர்ஷிப்புக்கு விமானம், தங்கும் செலவு எல்லாம் தனி. மறுபடி போடும்போது தேர்வுச் செலவு திரும்ப வராது, ஆனால் விண்ணப்பச் செலவு முழுதாக வரும்.

அதனால்தான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன், விசா தராத இடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு 30 டாலரும் குப்பைக்குப் போகிறது. ‘மேட்ச் உறுதி’ என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். இரண்டாவது பதிலில் சொன்ன கணக்கில் யாரும் இடம் வாங்கித் தர முடியாது. போலி அனுபவச் சான்றிதழ் கொடுப்பவர்களும் உண்டு. மாட்டினால் முறைகேடு என்ற குறிப்பு பையனின் பதிவில் ஏறி, பின்தொடர்ந்து வரும்.

ஜே-1, எச்-1பி ரெண்டுல எது? ஸ்டெப் 3 எழுதினா சான்ஸ் கூடுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பரிமாற்ற விசாவான ஜே-1தான். ஈ.சி.எஃப்.எம்.ஜி. பொறுப்பேற்கும், நம் மத்தியச் சுகாதார அமைச்சகத்திடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 பேருக்கு இந்த விலக்கைக் கேட்கலாம்.

வேலை விசாவான எச்-1பி என்றால் உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் என்று அறிவித்த பிறகு, அதை நம்பித் திட்டம் போடுவது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை. மறுபடி விண்ணப்பிப்பவர் ஸ்டெப் 3 எழுதுவது வேறு காரணத்துக்காக நல்லது, கேப் வருடத்தில் படிப்பு விட்டுப்போகவில்லை என்று காட்டும். ஆனால் குறைந்த மதிப்பெண்ணோடு பாஸ் ஆனால் அதுவும் அறிக்கையில் உட்கார்ந்துகொள்ளும்.

இடம் கிடைத்த பிறகும் விசா தொல்லை இருக்கிறது. 2025 மே கடைசியில் ஜே விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை நிறுத்தி, ஜூன் நடுவில்தான் திறந்தார்கள். ஜூலை 1 வேலைக்குச் சேர வேண்டியவர்கள் தூங்கவில்லை.

கூடவே நீட் பி.ஜி.யும் எழுதட்டுமா? இல்ல, இங்க எம்.டி. முடிச்சிட்டு வந்தா ஈசியா?

இரண்டையும் ஒரே வருடத்தில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் முழுதாக இல்லாமல் போனவர்கள்தான் அதிகம். மேட்ச் ஆகாத வருடம் நீட் எழுதுவது என்பது வேறு, அது நியாயமான முடிவு. இங்கே எம்.டி. முடித்தாலும் அமெரிக்காவில் ரெசிடென்சியைப் பொதுவாக முதலிலிருந்து செய்ய வேண்டும். அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் பட்ட வருடம் பழையதாகிவிடும்.

‘இப்பல்லாம் ரெசிடென்சியே வேண்டாமாமே’ என்றும் கேட்கிறார்கள். 2023-இல் டென்னசி மாநிலம், வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு ரெசிடென்சி இல்லாமல் தற்காலிக லைசென்ஸ் தரச் சட்டம் கொண்டுவந்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அது நம் ஊரில் மேற்பயிற்சி முடித்தவர்களுக்கும் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்குமான வழி, கண்காணிப்போடு. வேலை கொடுக்கும் மருத்துவமனை, விசா, போர்டு சான்றிதழ் எல்லாம் தனிச் சிக்கல். எம்.பி.பி.எஸ்.ஸின் கடைசியில் வரும் சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்த கையோடு போகக்கூடிய குறுக்கு வழி கிடையாது.

என் பொண்ணு மார்ச்சிலேர்ந்து ரூமை விட்டு வெளியவே வர்றதில்லம்மா. என்ன சொல்றதுன்னு தெரியல.

ஆன்ட்டி, முதலில் ‘அடுத்து என்ன பண்ணப் போறே?’ என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சையும் அதே மாதம் எடுக்காதீர்கள். எனக்கு 2023-இல் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது, நான் தோற்றதற்குத் தண்டனையாகக் கல்யாணம் என்பது போல் இருந்தது. அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் தினமும் காலையில் டீக்கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அது உதவியது.

சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, வாழ்ந்து என்ன என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். டாக்டர்கள் தங்களுக்கு மனநல டாக்டர் தேவையில்லை என்று நினைப்பவர்கள். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியா ஒண்ணு. எத்தனை தடவை வரைக்கும் போடலாம்? எப்ப நிறுத்தணும்?

மேட்ச்சில் இத்தனை தடவைதான் என்று வரம்பு இல்லை. ஆனால் வேறு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்கான தேர்வுகளை ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பல மாநிலங்கள் லைசென்ஸுக்கு மூன்று ஸ்டெப்பும் குறிப்பிட்ட வருடங்களுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு வருடமும் பட்ட வருட வரம்பால் உங்கள் பட்டியலில் சில ப்ரோக்ராம்கள் உதிர்ந்துகொண்டே போகும்.

நான் ஜூனியர்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வருட விண்ணப்பத்தில் போன வருடம் இல்லாத மூன்று விஷயங்களை எழுதிக் காட்டு. புதுக் கடிதம், ஸ்டெப் 3, வேலை அனுபவம், பட்டியல் திருத்தம் எதுவானாலும் சரி. மூன்று எழுத முடிந்தால் போடு. முடியவில்லையென்றால் இந்த வருடம் பணத்தைக் கட்டாதே, ஒரு வருடம் தள்ளி அந்த மூன்றையும் சம்பாதி. நேர்காணல் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால், அதையும் கவனி. என் நெருங்கிய தோழி இரண்டாவது தடவையோடு நிறுத்தினாள். நீட் எழுதி, இப்போது ஊரில் எம்.டி. மயக்கவியல் படிக்கிறாள். அவள் பாதியில் விட்டுவிட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அவளிடம் அப்போது கடன் வாங்கப் பணமும் இல்லை, எழுத மூன்று விஷயமும் இல்லை. சரியாகக் கணக்குப் பார்த்தாள்.

கிடைச்ச அன்னிக்கு என்ன பண்ணீங்க அக்கா?

2024 மார்ச் 11, திங்கள் சாயங்காலம். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று டியூட்டிக்குப் போய்விட்டேன். கேஷுவாலிட்டியில் ஒரு பாட்டிக்கு மூச்சிரைப்பு, நெபுலைசர் போட்டுக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. பாட்டி நிம்மதியாக மூச்சு விட ஆரம்பித்த பிறகு மருந்து ரூமுக்குள் போய்த் திறந்தேன். இந்தத் தடவை ‘வாழ்த்துகள்’ என்று ஆரம்பித்தது.

அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘எந்த ஊருன்னு வெள்ளிக்கிழமைதானே தெரியும்? அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத’ என்றார். சரி என்று வைத்துவிட்டேன். காலையில் வீட்டுக்கு வந்தபோது தெருமுனை டீக்கடைக்காரர் எனக்குக் காசு வாங்கவில்லை.